புழுவின் பெயர் என்ன?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

கர்நாடகத்தின் மாண்டியா மாவட்டத்தில் கொக்கரெ பெள்ளூர் என்றோர் ஊர் உண்டு. கூழைக்கடாக்கள் ஊருக்குள்ளேயே மரங்களில் கூடு கட்டி, மக்களோடு மக்களாக வாழும் ஊர் அது. 2017 இறுதியிலிருந்து 2018 தொடக்கம் வரை அங்கே அப்பறவைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாண்டு விழுந்தன. பறவைக் காய்ச்சலோ என்ற அச்சம் எழுந்தது. அறுத்துப் பார்த்தபோது கண்டவை உருளைப்புழுக்கள். 2021 இறுதியில் ஆந்திரத்தின் தெலினீலாபுரத்திலும் இதே துயரம் நிகழ்ந்தது.

"புழு இருந்தது, பறவை இறந்தது" என்று இத்துடன் பேச்சை முடித்துவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. நலமாகப் பறந்து திரியும் கூழைக்கடாவின் வயிற்றிலும் புழுக்கள் உண்டு. எந்தப் புழு, எத்தனை, இரைப்பையில் புண் உண்டா என்பன தெரிந்தாலன்றி, பறவையைக் கொன்றது புழுவா, பட்டினியா, நஞ்சா என்று தீர்ப்புக் கூற இயலாது.

பெயர் தெரிந்து என்ன பயன் என்று நண்பர்கள் கேட்கலாம். பெயர் தெரிந்தால் புழு வந்த வழி தெரியும். கூழைக்கடா, நீர்க்காகம் ஆகியவற்றின் இரைப்பையில் வாழும் கான்ட்ரசீக்கம் என்னும் உருளைப்புழுவின் முட்டைகள் எச்சத்தோடு நீரில் விழுகின்றன. இளம்புழு நுண்ணிய கிரஸ்டேஷிய உயிர்களின் வழியே மீனை அடைந்து, மீனின் வழியே மீண்டும் பறவையை அடைகிறது. நாரையின் வாய்க்குழியில் ஒட்டி வாழும் கிளினோஸ்டோமம் என்னும் தட்டைப்புழுவுக்கோ நத்தை இன்றி வாழ்வில்லை. புழுவின் பெயர் மாறினால், ஏரியில் நாம் தேட வேண்டிய உயிரும் மாறுகிறதன்றோ!

இனங்காண்பது நம்மால் ஆகாத வித்தையும் அன்று. உருளைப்புழுவைச் சூடான 70 விழுக்காடு ஆல்கஹாலில் இட்டால் சுருளாமல் நீண்டு நிற்கும். லாக்டோஃபினாலில் தெளிவாக்கி நுண்ணோக்கியில் வைத்தால், உணவுக்குழலும் குடலும் சேருமிடத்தில் ஒரு பை முன்னோக்கியும் மற்றொன்று பின்னோக்கியும் நீள்வதைக் காணலாம். கான்ட்ரசீக்கத்தின் தலையாய அடையாளம் அது. சிற்றினத்தை அறிய ஆண் புழுவின் வால் பகுதியை ஆராய வேண்டும். மீனிலுள்ள இளம்புழுவாயின் டி.என்.ஏ. சோதனையே துணை.

நாமோ குடுவையில் வெளுத்துக் கிடக்கும் அஸ்காரிஸை வரைந்து மதிப்பெண் பெறுகிறோம். மாண்ட பறவையை எடுத்துவரச் சொல்லவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வனத்துறைக்குத் தெரிவிப்பதே முறை. ஆனால் சந்தையில் வாங்கும் கெளுத்தியையும் குறவையையும் அறுத்துப் பார்க்க என்ன தடை? மீன், ஏரி, நாள், புழு என நான்கு கட்டமிட்ட குறிப்பேடு ஒன்று போதும். நாளை நம் ஏரியில் ஒரு நாரை வீழ்ந்தால், கால்நடை மருத்துவர் கையில் கொடுக்க நம்மிடம் ஏதேனும் இருக்கும்.

மீன் ஆயும்போது புழு தென்பட்டால் என் தாயார் அதை வழித்து எறிந்துவிடுவார். அதற்கும் ஒரு பெயர் உண்டு என்று இக்கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன். அப்பெயரைக் கண்டறியும் பயிற்சியையும் எங்களுக்கு அளியுங்கள் என்பதே பேராசிரியப் பெருமக்களிடம் என் வேண்டுகோள்.