எந்தப் படியில் நிற்பது?

கார் வாங்கும் நிலையில் நம்மில் ஒருவரும் இல்லை. மாதக் கடைசியில் விடுதிச் சாப்பாட்டுக் கட்டணத்துக்கே வீட்டைக் கெஞ்சும் கூட்டம் நாம். ஆனால், கார் வாங்குகிற உறவினருக்கு யோசனை சொல்லும் உத்தியோகம் மட்டும் மாணவர்களுக்குத் தானாகவே வந்து வாய்த்துவிடுகிறது. "படிக்கிற பிள்ளை, அவனைக் கேட்டால் தெரியும்" என்று ஒரே வார்த்தையில் நம்மை நிபுணர்களாக்கி விடுகிறார்கள். சென்ற விடுமுறையில் அந்தப் பெருமை எனக்குக் கிட்டியது. அங்கே கண்டதையும், கண்டபின் கொண்ட கருத்தையும் நம் சங்க ஏட்டில் எழுதத் துணிகிறேன். மாறுபட்ட கருத்துடைய நண்பர்கள் அடுத்த இதழில் என்னைத் தாராளமாகத் தாக்கலாம்.

என் பெரியப்பா மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தைந்து ஆண்டுகள் இத்தில்லி மாநகரில் பஸ்ஸில் தொங்கியும், ஸ்கூட்டரில் நனைந்தும், கடைசியில் மெட்ரோ ரயிலில் நெருக்குண்டும் அலுவலகம் சென்று வந்தார். பணிக்கொடை கைக்கு வந்ததும் அவருக்கு எழுந்த ஆசை ஒன்றே ஒன்று: டிக்கி உள்ள பெரிய கார். எண்பத்தொரு வயது ஆச்சியைப் பின்னால் சௌகரியமாக உட்கார வைத்து மதுராவுக்கும் பிருந்தாவனத்துக்கும் அழைத்துப் போக வேண்டும். இந்த ஆசையில் குற்றம் காண யாருக்கு மனம் வரும்?

பெரிய செடான் என்று நான் சொல்வது நான்கு மீட்டர் நீளத்தைக் கடந்த வண்டியை. நம் நாட்டில் அந்த நான்கு மீட்டர் ஒரு லட்சுமணன் கோடு. 2006-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில், அதற்குட்பட்ட சிறிய எஞ்சின் கார்களுக்கு வரிச்சலுகை தந்து கிழித்த கோடு அது. 2025 செப்டம்பர் 22-ஆம் நாள் ஜி.எஸ்.டி. மாற்றியமைக்கப்பட்ட போதும் அந்தக் கோடு அழியவில்லை. கோட்டுக்கு இப்புறம் நூற்றுக்கு 18. அப்புறம் நூற்றுக்கு 40. ஆகவே, பெரிய வண்டியில் நீங்கள் விரும்பி ஏறும் ஒவ்வொரு படியின் விலைமீதும் நூற்றுக்கு 40 வரி உட்கார்ந்திருக்கிறது. அதன்மேல் சாலை வரி. அதற்கும் மேல் இன்ஷூரன்ஸ். பளபளக்கும் ஒரு சக்கரத்துக்கு நாம் தரும் பணத்தில் சக்கரத்துக்குப் போவது எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தால் தலை சுற்றும்.

படி என்கிறேனே, அது என்ன? கடைக்காரர்கள் 'வேரியண்ட்' என்பார்கள். ஒரே வண்டி, அதே இரும்புக் கூடு, அதே நீளம், பல சமயங்களில் எஞ்சினும் அதே. ஆனால் விலை நான்கு. 2023 மார்ச்சில் புதிய வடிவில் வந்த ஹூண்டாய் வெர்னாவுக்கு இ.எக்ஸ்., எஸ்., எஸ்.எக்ஸ்., எஸ்.எக்ஸ். (ஓ) என்று நான்கு படிகள். அதே மாதம் புதுப்பிக்கப்பட்ட ஹோண்டா சிட்டிக்கு எஸ்.வி., வி., வி.எக்ஸ்., இசட்.எக்ஸ். மாருதி சியாஸ் 2025-இல் நிறுத்தப்படும் வரை சிக்மா, டெல்டா, ஜீட்டா, ஆல்ஃபா என்று கிரேக்கம் பேசிற்று. (கிரேக்க நெடுங்கணக்கில் ஆல்ஃபா முதலெழுத்து, விலைப்பட்டியலில் அது கடைசி. மொழியியல் மாணவர்கள் மன்னிப்பார்களாக!)

நாங்கள் சென்ற கடையின் பெயரும் வண்டியின் பெயரும் இங்கே வேண்டாம். வாயிலில் நுழைந்ததும் எங்களை வரவேற்றது மேல்படி வண்டி. மூன்று முறை அதைச் சுற்றி வந்த பெரியப்பா, கீழ்ப்படி வண்டியையும் பார்க்கலாமா என்று கேட்டார். "அது ஆர்டர் கொடுத்தால்தான் வரும், சார். யாரும் கேட்பதில்லை" என்றார் விற்பனை இளைஞர். காட்டாத வண்டியை யார் கேட்பார்கள்? இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த இளைஞர் கெட்டிக்காரர். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் லட்சத்தில் சொல்லவே இல்லை, மாதத்தில் சொன்னார். "மாதம் 1,600 ரூபாய்தான் சார் கூட வரும்." பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. நான் ஓரமாக நின்று கணக்குப் போட்டேன். ஆண்டுக்கு நூற்றுக்கு 9 வட்டியில் 7 ஆண்டுத் தவணைக்கு ஒரு லட்சம் கடன் வாங்கினால், மாதத் தவணை 1,609 ரூபாய். கட்டி முடிக்கும்போது 1,35,000 ரூபாய் போயிருக்கும். லட்சம் என்ற சொல் மாதத்துக்குள் ஒளிந்துகொண்டு விட்டது! இரண்டு படி ஏறினால், ஓய்வூதியத்திலிருந்து மாதா மாதம் 3,200 ரூபாய்க்கு மேல், பெரியப்பாவுக்கு அறுபத்தேழு வயது ஆகும்வரை.

இந்தப் படிக்கட்டைப் பெரிய அளவில் கட்டிக் காட்டியவர்கள் அமெரிக்கர்கள். ஒவ்வொரு பணப்பைக்கும் ஏற்ற கார் ஒன்று என்ற கொள்கையை ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் 1924-லேயே வகுத்தார். பின்னாளில் அக்கொள்கை ஒரே வண்டிக்குள்ளும் புகுந்தது. 1953-இல் ஷெவர்லே பெரிய காரின் மேல்படிக்குப் பெயர் பெல் ஏர். வாங்கியவர்கள் தலை நிமிர்ந்து திரிந்தார்கள். 1958-இல் அதற்கும் மேலே இம்பாலா என்றொரு பெயர் வந்தது; மறு ஆண்டே அது தனி வரிசையாக, பெல் ஏர் நடுப்படிக்கு இறங்கிற்று. 1965-இல் இம்பாலாவின் தலைமேல் காப்ரிஸ் ஏறி உட்கார்ந்தது. வண்டி அதேதான், பெயர்தான் ஆண்டுதோறும் கீழே இறங்கிற்று. நம் ஊரிலும் எஸ்.எக்ஸ். என்பது மேல்படியாக இருந்த காலத்தில் அதற்கு மேலே (ஓ) ஒன்று முளைக்கவில்லையா? மதிப்புக்காக மேல்படி வாங்குபவர், உருகும் பனிக்கட்டியைப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார் என்பதே என் துணிபு.

அப்படியானால் எப்போதும் கீழ்ப்படியே போதுமா? இங்கேதான் சிக்கனக்கார நண்பர்களோடும் நான் முரண்படுகிறேன். "நான்கு சக்கரம், ஒரு ஸ்டியரிங், வேறென்ன வேண்டும்?" என்பது அவர்கள் வாதம். 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியக் கார்களைச் சுவரில் மோதிப் பார்த்தது. வேகம் மணிக்கு 64 கிலோமீட்டர். காற்றுப்பை இல்லாத கீழ்ப்படி ஃபோக்ஸ்வேகன் போலோ, பெரியவர் பாதுகாப்பில் பெற்ற நட்சத்திரம் பூஜ்யம். முன்னால் இரண்டு காற்றுப்பை உள்ள அதே போலோ பெற்றது நான்கு. அது செடான் அன்று, சிறிய வண்டிதான். ஆனால் பாடம் ஒன்றே. கூடு ஒன்று, எஞ்சின் ஒன்று. படி மட்டும் வேறு. ஒன்றில் இருந்தவர் பிழைப்பார். மற்றதில் இருந்தவரைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. அந்த நிறுவனம் பின்னர் காற்றுப்பை இல்லாத போலோவை விற்பதையே நிறுத்தியது. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

சட்டம் மெல்லத்தான் நடந்து வந்தது. ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம் என்றானது 2019 ஜூலையில். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது எல்லாப் புதுக் கார்களிலும் கட்டாயமாக 2021 முடிய வேண்டியிருந்தது. அதுவரை, ஓட்டுகிற கணவன் காக்கப்பட வேண்டியவன். அருகில் இருந்த மனைவியோ வேரியண்டைப் பொறுத்தவள்! ஆறு காற்றுப்பை வேண்டும் என்ற வரைவு 2022 ஜனவரியில் வந்தது. பிறகு 2023 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. அந்த அக்டோபருக்கு முந்திய மாதமே, கட்டாயம் ஆக்கப்போவதில்லை என்று மத்திய அமைச்சர் கூறிவிட்டார். ஆகவே, முன்னிருக்கையின் இரண்டுக்கு மேற்பட்ட எதையும் படிக்கட்டில் எங்கே வைப்பது என்பது பெரும்பாலும் நிறுவனத்தின் மனச்சாட்சிக்கு விடப்பட்டது. சிலர் நன்றாகவே நடந்துகொண்டார்கள். 2023 வெர்னாவில் ஆறு காற்றுப்பையும் அடிப்படியிலேயே இருந்தன. எல்லாரும் அப்படி இல்லை.

இனி என் கருத்தைச் சொல்கிறேன். கரோல்பாக் கடைத்தெருவுக்குப் போய்ப் பின்னால் மாட்டிக்கொள்ளக் கூடியது எதற்காகவும் படி ஏற வேண்டியதில்லை. இருக்கை உறை, பாட்டுப் பெட்டி, பின்புறம் காட்டும் காமிரா, அலாய் சக்கரம் எல்லாம் அங்கே தெரு நெடுகத் தொங்குகின்றன. (ஒயரை வெட்டி மாட்டினால் வாரண்டி போய்விடும் என்பது உண்மை, வெட்டாமல் மாட்டத் தெரிந்த மெக்கானிக்கைத் தேடுங்கள்.) அலாய் சக்கரம் இல்லாமலே இருப்பது ஒருவகையில் நல்லது. மேல்படியின் பெரிய சக்கரத்துக்கு மெலிந்த டயர். மழைக்காலத் தில்லியின் பள்ளங்களில் அடி வாங்குவதும் அதுதான், மாற்றும்போது கூடுதல் விலை கேட்பதும் அதுதான். சன்ரூஃப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மே மாதத்தில் நெருப்பு, நவம்பரில் புகை. இந்த ஊரில் கூரையைத் திறந்து எந்த நிலாவைப் பார்ப்பது?

ஆனால், கரோல்பாக்கில் கிடைக்காதவை சில உண்டு. பக்கவாட்டுக் காற்றுப்பையை எந்த மெக்கானிக்கும் பின்னால் தைத்துத் தர முடியாது. வளைவில் வண்டி வழுக்காமல் பிடிக்கும் மின்னணுக் கட்டுப்பாடும் அப்படியே. பின்னிருக்கையின் நடுவில் உட்காருபவருக்குத் தோளைக் குறுக்கே தழுவும் மூன்றுமுனை பெல்ட்டும், தலையணையும் அப்படியே. இவற்றுக்காகக் கடன் வாங்கினாலும் நான் குறை சொல்லமாட்டேன். 2022 செப்டம்பர் 4-ஆம் நாள் மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி விபத்தில் மாண்டார். அவர் இருந்தது விலையுயர்ந்த வண்டி; பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் இருந்தார் என்று காவல்துறை கூறியது. நம் வீடுகளில் பின்னிருக்கை யாருக்கு? முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும். அவர்களிலும் நடு இடம், எதிர்த்துப் பேசாதவருக்கு.

எங்கள் வீட்டில் அது ஆச்சி. ஆகவே, இரண்டாம் முறை கடைக்குப் போனபோது ஆச்சியையும் அழைத்துப் போவோம் என்று பிடிவாதம் பிடித்தேன். பெரியப்பாவுக்கு விருப்பம் இல்லை. "வயசானவளை எதுக்குடா அலைக்கழிக்கிற?" என்றார். ஆனாலும் வந்தார்கள். அந்த வாரம் சோதனை ஓட்டத்துக்கென்று நடுப்படி வண்டி ஒன்று நின்றது. ஆச்சி ஏறி நடுவில் உட்கார்ந்தாள். பின்னால் சாய்ந்தாள். சாய்ந்தவள் கழுத்தைத் தடவிக்கொண்டு, "ஏலே, ரெண்டு பக்கமும் தலைக்கு அணை வச்சிருக்கான். எனக்கு எங்கே?" என்று கேட்டாள். விலைச்சீட்டின் கடைசிப் பக்கத்தில், எறும்பு போன்ற எழுத்தில் விடை இருந்தது: நடுத் தலையணை மேல்படிக்கு மட்டும். இளைஞர் சமாளிக்கப் பார்த்தார். "பாட்டி, இங்கே பாருங்க, சன்ரூஃப்!" என்று விசையை அழுத்தினார், நான் தமிழில் சொன்னேன். கூரை திறந்தது. ஆச்சி மேலே பார்த்தாள். "வானத்தை நான் வாசல்லயே நின்னு பார்த்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

அந்த இளைஞர்மேல் எனக்குக் கோபம் இல்லை; அவர் விற்பவர். தலையணைக்கு ஆகும் பஞ்சும் துணியும் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்து, அதை மேல்படியில் கொண்டுபோய் வைத்தவர்கள்மேல்தான் கோபம்.

வேறு நிறுவனத்தின் வண்டி ஒன்றில் ஆறு காற்றுப்பையும், நடுவில் மூன்றுமுனை பெல்ட்டும், தலையணையும் இரண்டாம் படியிலேயே இருந்தன. முடிந்தது என்று மகிழ்ந்தோம். அப்போது பெரியம்மா பெரியப்பாவின் முழங்காலை நினைவூட்டினாள். தில்லி நெரிசலில் மணிக்கு நூறு முறை கிளட்ச் மிதிக்க அந்த முழங்காலால் ஆகாது. தானியங்கிக் கியர் வேண்டும். தானியங்கிக் கியர் மூன்றாம் படியில்தான் தொடங்குகிறது! இது அந்த ஒரு நிறுவனத்தின் வழக்கம் மட்டும் அன்று. 2023 வெர்னாவும் வெளிவந்தபோது கீழிரண்டு படிகளில் கையால் போடும் கியர் மட்டுமே தந்தது. கால் வலிக்காரன் பணக்காரனாகவும் இருக்க வேண்டும் என்று யார் விதித்தார்கள்? கியர் வேண்டுமென்று கேட்பவனிடம் பளபளக்கும் சக்கரத்தையும், நிறம் மாறும் விளக்கையும், திறக்கும் கூரையையும் சேர்த்துத் தலையில் கட்டுவது வியாபாரமாக இருக்கலாம். நியாயம் என்று சொல்ல என் நா எழவில்லை. கியரும் பாதுகாப்பும் எல்லாப் படிகளிலும் கிடைக்கட்டும். அலங்காரத்துக்கு எத்தனை படி வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும். வாங்குபவர்கள் கடையில் நின்று இதைக் கேட்காதவரை அவர்கள் கட்டமாட்டார்கள். நம்மைப் போன்ற 'நிபுணர்'களை அழைத்துப் போகும் வீடுகளிலாவது இந்தக் கேள்வி எழட்டும்.

பெரியப்பா மூன்றாம் படியே வாங்கினார். வேறு வழியில்லை. யமுனா விரைவுச் சாலையில் ஆச்சி நடுவில் பெல்ட் அணிந்து, தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டே மதுராவுக்குப் போய் வந்தாள். கியரோடு கூடவே வந்த சன்ரூஃபை இதுவரை ஒரே ஒரு நாள் திறந்தோம். புழுதி விழுந்தது. மூடிவிட்டோம்.