மடிக்கணினி ஓர் அமானிதம்

விலையின்றிக் கிடைக்கும் பொருளுக்கு மதிப்பில்லை என்பர். இக்கூற்று எல்லா இடத்தும் பொருந்துவதன்று. முல்லைப் பெரியாற்று நீர் 1895 ஆம் ஆண்டு முதல் நம் கம்பம் பள்ளத்தாக்கிற்கு வந்துகொண்டிருக்கின்றது. அந்த அணையைக் கட்டியவர் நம்முள் எவருமில்லை. ஆயினும் அந்நீரின் அருமையை அறியாதார் கூடலூர் முதல் தேனி வரை ஒருவரும் இலர். ஒரு பொருளின் மதிப்பு, பெறுபவரின் பொறுப்புணர்ச்சியால் அமைவது. மாணவர்க்கு அரசு வழங்கும் மடிக்கணினியைப் பற்றி எண்ணும்போது இவ்வுண்மையை மனத்திற் கொள்ளுதல் நன்று.

தமிழ்நாட்டில் இத்திட்டம் 2011 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள், பேரறிஞர் அண்ணாவின் பிறந்த நாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா அவர்களால் தொடங்கி வைக்கப்பெற்றது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேனிலை வகுப்பு பயின்றோரும், கலை அறிவியல் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக் மாணவரும் இதனாற் பயனடைந்தனர். எல்காட் நிறுவனம் கணினிகளைக் கொள்முதல் செய்து கொடுத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பெற்றன. இடையில் வழங்கல் தடைபட்டுப்போயிற்று. பின்னர் 2025 மார்ச் 14 அன்று வைக்கப்பெற்ற நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்க்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்றும், முதற்கட்டமாக 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றும் அரசு அறிவித்தது.

இத்துணைப் பெரிய செலவு யாருடைய பணம்? ஏலத்தோட்ட வேலைக்காக வைகறையில் ஜீப்பில் ஏறிக் கம்பம் மெட்டும் போடி மெட்டும் கடந்து செல்லும் தாய்மார், தீப்பெட்டி வாங்கினும் உப்பு வாங்கினும் ஏதோ ஒரு வகையில் செலுத்தும் வரியும் அதனுள் அடங்கும். எனவே இதனை ‘இலவசம்’ என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுதல் முறையன்று. இதற்கு நம் வழக்கிலேயே பொருத்தமான சொல் ஒன்று உண்டு. அதுவே அமானிதம்.

அமானிதம் என்பது யாது?

ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை அவர் கருதிய நோக்கம் கெடாமற் காப்பதே அமானிதம் பேணுதலாகும். அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நபித்துவம் பெறுவதற்கு முன்னரே ‘அல் அமீன்’, அதாவது நம்பிக்கைக்குரியவர், என்று மக்கத்து மக்களால் அழைக்கப்பெற்றார்கள். அவர்களைக் கொல்லச் சூழ்ந்தவர்களும் தம் பொருள்களை அவர்களிடமே ஒப்படைத்திருந்தனர். ஹிஜ்ரத் புறப்பட்ட இரவில், அப்பொருள்களை உரியவர்களிடம் சேர்ப்பித்துவிட்டு வருமாறு ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை மக்கத்திலே நிறுத்திச் சென்றார்கள். உயிருக்கு இடர் நேர்ந்த வேளையிலும் பகைவரின் பொருளுக்குப் பொறுப்புக் கூறிய வரலாறு இது. வள்ளுவப் பெருந்தகையும் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்தார். சமயத்தால் நாம் எவராயினும் இப்பண்பு நமக்குப் புதியதன்று.

இங்கு ஒரு மறுப்பு எழும். “அரசு கொடுத்துவிட்டது, இனி அது என் உடைமை. விற்பதும் வைப்பதும் என் விருப்பம்” என்று ஒரு மாணவர் கூறலாம். கொடுக்கப்பட்டது உண்மை. ஆனால் அது கல்வி என்னும் நோக்கத்திற்காகக் கொடுக்கப்பட்டது. மாணவர் என்னும் தகுதியால் வந்த பொருளை மாணவர் என்னும் தகுதிக்கே செலவிடுதல் நேர்மை. மேலும், நம் உடல், செல்வம், காலம் அனைத்தும் இறைவன் தந்த அமானிதங்கள் என்று நம்புகின்ற நாம், ஒரு கணினியை மட்டும் அந்நம்பிக்கைக்குப் புறத்தே நிறுத்த இயலுமோ?

பூட்டி வைத்தல் பேணுதல் ஆகுமா?

நம் இல்லங்களிற் பலவற்றில், மடிக்கணினியைப் பாதுகாத்தல் என்றால் பீரோவில் வைத்துப் பூட்டுதல் என்றே பொருள் கொள்ளப்படுகின்றது. “கெட்டுப்போய்விடும், தொடாதே” என்று பெற்றோர் எச்சரிப்பர். அன்பினால் வரும் எச்சரிக்கைதான். ஆயினும் அது தவறான காவல். மடிக்கணினியின் பேட்டரி லித்தியம் அயனி வகையைச் சார்ந்தது. முற்றும் மின்னிறக்கம் பெற்ற நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் அது மீண்டும் மின்னேற்றம் கொள்ளாத நிலையை அடையும். பூட்டி வைத்த பொருள் பூட்டிய நிலையிலேயே அழிகின்றது. நெடுநாள் வைத்திருக்க நேர்ந்தால் பாதியளவு மின்னேற்றி, குளிர்ந்த இடத்தில் வைத்து, சில வாரங்களுக்கு ஒருமுறை எடுத்து இயக்குதல் வேண்டும்.

தமிழ் பயில்வோர்க்கு இது வியப்பைத் தராது. நம் ஓலைச்சுவடிகளின் கதையும் இதுவே. பெட்டியில் இட்டுப் பூட்டிப் பூசித்த சுவடிகளைச் செல்லரித்தது. எடுத்துப் படித்து, எண்ணெய் பூசி, பழுதுற்றவற்றைப் புதிய ஏட்டிற் படியெடுத்துவைத்த குடும்பங்களிலேதான் நூல்கள் பிழைத்தன. உமறுப்புலவரின் சீறாப்புராணம் ஏட்டிலேயே கிடந்திருந்தால் நமக்கு எட்டியிருக்குமா? சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் 1842 ஆம் ஆண்டு அதனை அச்சேற்றினார்கள். 1998 இல் தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டத்தின் வழியாக இன்று அது கணினித் திரையிலும் கிடைக்கின்றது. ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட விருத்தங்களை உத்தமபாளையத்தில் அமர்ந்து காசின்றிப் படிக்கலாம். வேண்டிய சொல்லை நொடியில் தேடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் அவ்வாறே திறந்து கிடக்கின்றது. இத்தகைய வாயிலைக் கையில் வைத்துக்கொண்டு திரைப்படம் பார்ப்பதோடு நின்றுவிடுவதும் ஒரு வகையிற் பூட்டி வைத்தலேயாகும். தமிழ்த்துறை மாணவர் ஒவ்வொருவரும் தமிழ்99 விசைப்பலகையைப் பழகி, தம் கட்டுரையைத் தாமே ஒருங்குறியில் தட்டச்சிடும் திறனைப் பெறுதல் வேண்டும். அதுவே இப்பொருளுக்கு நாம் செலுத்தும் முதல் நன்றி.

பேணும் முறை

விதிகள் பலவாயின் எவரும் கடைப்பிடியார். நம் ஊரின் இயல்பை அறிந்து சிலவற்றை மட்டும் மனத்திற் கொள்வோம். முதலாவது வெப்பம். மெத்தையின் மீதும் தலையணையின் மீதும் வைத்து இயக்கினால் அடியிலும் பக்கத்திலும் உள்ள காற்றுத் துளைகள் அடைபடும். தகரக் கூரையின் கீழ்ச் சித்திரை வெயிலில் இது கணினிக்கும் பேட்டரிக்கும் பெருங்கேடு. மரப்பலகையோ, தடித்த அட்டையோ அடியிலிருத்தல் நலம். இரண்டாவது புழுதி. ஆனி, ஆடி மாதங்களில் நம் பள்ளத்தாக்கில் வீசும் காற்றை நாம் அறிவோம். பயன்படுத்தாத வேளையில் தூய துணியால் மூடி வைக்கவேண்டும். ஈரத் துணியால் திரையைத் துடைத்தல் ஆகாது.

மூன்றாவது மின்சாரம். மூன்று முனைப் பிளக்கை இரண்டு முனையாக்கி மாட்டும் பழக்கம் எங்கும் உளது. எர்த் இணைப்பின்றி அவ்வாறு மாட்டுதல் தீங்கு. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும் மாலைகளில் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் இயக்குதலே அறிவுடைமை. நான்காவது மழை. பேருந்துக்குக் காத்திருக்கும் மாணவர் தம் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையையும் வைத்திருக்கவேண்டும். ஐந்தாவது கண்ணுக்குத் தெரியாத கேடு. கண்டவர் பென்டிரைவையும் செருகுதலால் வைரஸ் புகும். தொடக்க ஆண்டுகளில் வழங்கிய கணினிகளில் இருந்த விண்டோஸ் 7 இயங்குதளத்திற்கு 2020 சனவரி 14 உடன் பாதுகாப்பு மேம்பாடு நிறுத்தப்பட்டுவிட்டது. அத்தகைய பழைய கணினி வீட்டில் இருந்தால் அதனைக் குப்பையில் இடவேண்டா; இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் வகை ஒன்றை நிறுவினால் தட்டச்சுக்கும் படிப்பிற்கும் இன்னும் பயன்படலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, எழுதியவற்றிற்கு ஒரு படி வேறிடத்திலும் இருத்தல் வேண்டும். கருவி கெட்டால் வேறு வாங்கலாம்; உழைப்பு கெட்டால் வாங்கும் கடை இல்லை.

யாருடைய அமானிதம்?

இனிக் கூறுவது சற்றே கசக்கும். ஆயினும் பெரியோர் பொறுத்தருள்க. மகளின் பெயரில் வந்த மடிக்கணினி மகளின் கையில் இருக்கின்றதா? அண்ணன் கடையில் கணக்கெழுத அது சென்றுவிடுகின்றது. தம்பி விளையாட எடுத்துக்கொள்கின்றான். இரவில் எஞ்சிய பொழுது அவளுக்கு. அவளும் முகங்கோணாமல், “அண்ணன் பார்த்துட்டுத் தரட்டும்” என்கிறாள். திருட்டென்று இதனை எவரும் சொல்வதில்லை, குடும்பம் என்கின்றனர். எனினும் ஒருவர் பெயரால் ஒரு நோக்கத்திற்காக வந்த பொருளை வேறொருவர் வேறொரு நோக்கத்திற்கு எடுத்தாளுதல் அமானிதத்திற்கு மாறு என்பதில் ஐயமில்லை. நம் பள்ளத்தாக்கின் எத்தனையோ இல்லங்களில் கல்லூரி வாசலை முதன்முதல் மிதிப்பவள் அந்த மகள்தான். மாலையில் நூலகம் சென்று திரும்புதல் அவளுக்கு எளிதன்று. வீட்டிற்குள் வந்த நூலகமாகிய அக்கணினியையும் அவளிடமிருந்து வாங்கிவிட்டால் அவளுக்கு எஞ்சுவது யாது?

மற்றொன்றும் உண்டு. மருத்துவச் செலவு வந்தபோது, தோட்ட வேலை நின்றபோது, கணினி அடகுக்கோ விற்பனைக்கோ செல்கின்றது. வழங்கிய முதல் ஆண்டுகளிலேயே இவை விற்பனைக்கு வந்த செய்தி நாளேடுகளில் வெளியாயிற்று. விற்றவரைப் பழித்தல் எளிது. பசித்தவனிடம் விதி பேசுதல் அழகன்று. பள்ளிவாசல் ஜமாஅத்துகள் பைத்துல்மாலிலிருந்து ஒரு சிறு தொகையைப் பிரித்து, கணினியை இழக்கும் நிலையிலுள்ள மாணவர் குடும்பத்திற்கு வட்டியில்லா அழகிய கடனாக வழங்கலாகாதா? அது எம்மாணவர்க்கும் சமயவேறுபாடின்றிக் கிடைத்தல் வேண்டும்; அரசு இம்மாணவர்க்குச் சமயம் பார்த்து வழங்கவில்லை. உத்தமபாளையத்தில் 1956 இல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியின் கதவு திறந்ததும் எல்லார்க்குமாகத்தானே!

கொடுப்போரின் கடமை

அமானிதம் ஒருவழிப் பாதையன்று. கொடுப்போர்க்கும் அதில் கடமையுண்டு. தென்னமெரிக்காவில் இதற்கு இரு சான்றுகள் உள. பெரு நாடு எட்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட சிறு மடிக்கணினிகளைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கியது. 2012 இல் வெளியான ஆய்வு, கணக்கிலும் மொழியிலும் அவர்தம் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று காணவில்லை. உருகுவே நாடு 2007 இல் தொடங்கிய ‘சேய்பால்’ திட்டத்தில் கணினியோடு இணைய இணைப்பையும் பழுதுபார்க்கும் ஏற்பாட்டையும் சேர்த்தே வழங்கியது, அத்திட்டம் நிலைத்தது. அணையில் நீர் நிறைந்திருந்தாலும் வாய்க்கால் தூர்ந்துபோனால் கடைமடை வயல் காயும் என்பதை 14,707 ஏக்கர் இருபோகம் விளைவிக்கும் நம் உழவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

விதி செய்வோர்க்கும் வரம்புண்டு. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் லோயர் மெரியன் பள்ளி நிருவாகம், தான் கொடுத்த மடிக்கணினிகளின் கேமரா வழியாக மாணவர்களை அவர்தம் வீட்டிலேயே படமெடுத்தது 2010 இல் வழக்காயிற்று. 6,10,000 டாலர் கொடுத்து அவ்வழக்கைத் தீர்த்துக்கொண்டது. கொடுத்தோம் என்பதனால் வேவு பார்க்கும் உரிமை வந்துவிடாது. அவ்வாறே, நம் மாநிலத்தில் பள்ளிகளிற் பூட்டி வைத்திருந்த கணினிகள் களவுபோனபோது ஈடு கட்டுவது யார் என்ற கேள்வி எழுந்தது. இஸ்லாமியச் சட்ட நூலோர் இதனைத் தெளிவாக வகுத்துள்ளனர்: அமானிதப் பொருள் காப்பவரின் அலட்சியத்தால் அழிந்தால் அவர் ஈடு தரவேண்டும், அலட்சியமின்றி அழிந்தால் அவர்மீது பொறுப்பில்லை. தவறி விழுந்ததையும் தூக்கி எறிந்ததையும் ஒன்றாகக் கருதித் தண்டம் விதிக்கும் நிறுவனம், அடுத்த முறை மாணவர் உண்மையை மறைப்பதற்கே வழி செய்கின்றது.

ஆதலின், கல்லூரிதோறும் ஒரு பழுதுபார்க்கும் மேசை வேண்டும். கணினித்துறை மாணவர் ஆசிரியர் மேற்பார்வையில் வாரம் ஒரு பிற்பகல் அதில் அமரலாம். தூசு நீக்குதல், இயங்குதளம் நிறுவுதல், எழுத்துரு அமைத்தல் ஆகியவற்றிற்குப் பெருஞ்செலவில்லை. தமிழ்த்துறை மாணவர் அங்கே தமிழ்த் தட்டச்சைக் கற்பிக்கலாம். ஒரு துறையின் அறிவு மற்றொரு துறைக்குப் பயன்படும் இடமாகவும் அம்மேசை அமையும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் கையில் உள்ள கருவி சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். அது எவரையும் நோகச்செய்யாது. ஆனால் அது பழையதாகும் முன் அதனால் நீங்கள் கற்றது என்ன என்ற கேள்வியிலிருந்து தப்ப இயலாது. பெற்றோர்களே, மகளின் கணினியை மகளிடமே கொடுங்கள். பெரியோர்களே, அடகுக் கடைக்கு அது போகாமற் காக்க வழி காணுங்கள். ஆசிரியப் பெருமக்களே, பழுதுற்ற கணினியோடு வரும் மாணவரை முதலில் அதட்டாமல் விசாரியுங்கள். ஒப்படைக்கப்பட்டதை உரியவாறு பேணியோர் கூட்டத்தில் நம் அனைவரையும் வல்ல இறைவன் சேர்த்தருள்வானாக!