இரு கொசுக்களும் ஒரு தாயின் ஐயமும்

அண்மையில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து புறப்படும் வேளையில் ஒரு தாயார் என்னிடம் வந்தார். "டீச்சர், வீட்டுக் கொசுவும் தோட்டத்துக் கொசுவும் கலந்து புதுசா ஒரு கொசு வந்திருச்சாமே, அது கடிச்சா பிழைக்க முடியாதாமே?" என்று கேட்டார். அருகிலிருந்தோர் சிரித்தனர். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. 2019ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 130,000 பேருக்கு மேல் டிங்கிக் காய்ச்சல் கண்டு, 182 பேர் உயிரிழந்தனர். அஞ்சும் தாய்க்கு விடை கூறுவது ஆசிரியரின் கடமையன்றோ!

டிங்கியைப் பரப்புவன இரண்டு கொசுக்கள். முதுகில் யாழ் வடிவ வெண்கோடுகள் கொண்ட ஏடிஸ் எஜிப்தி, ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நம் வீட்டிற்குள் குடியேறியது. முதுகின் நடுவே ஒற்றை வெண்கோடு கொண்ட ஏடிஸ் அல்போபிக்டஸ், நம் வட்டாரத்திற்கே உரியது. லாபிஸைச் சூழ்ந்த தோட்டங்களும் புதர்களும் அதற்கு ஏற்ற இடங்கள்.

இவ்விரண்டும் சில வேளைகளில் இணைவதுண்டு. ஆனால், அவ்விணைப்பால் புதிய இனம் தோன்றுவதில்லை, முட்டைகள் பொரிப்பதில்லை. மேலும், அல்போபிக்டஸ் ஆணுடன் இணைந்த எஜிப்திப் பெண், அதன்பின் தன் இன ஆணையே ஏற்க மறுத்துவிடும். 1980களில் அல்போபிக்டஸ் அமெரிக்காவில் பரவியபின் புளோரிடாவில் எஜிப்தி குறைந்ததற்கு இதனையும் ஒரு காரணமாக அறிஞர்கள் கூறுவர்.

அப்படியாயின் எக்கொசுவும் கலப்பதில்லையா? கலப்பதுண்டு. ஆப்பிரிக்காவில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் கொசுக்களுள் மிக நெருங்கிய இரண்டு இனங்கள் கலந்து, பூச்சிமருந்தைத் தாங்கும் மரபணு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சென்றுள்ளது. ஆகவே அத்தாயின் கேள்வி அறிவற்ற கேள்வியன்று.

வதந்தி பிறந்த இடத்தையும் ஊகிக்கலாம். 2010 டிசம்பரில் பகாங் மாநிலத்தின் பெந்தோங் அருகே, மரபணு மாற்றிய சுமார் 6,000 ஆண் எஜிப்திக் கொசுக்கள் ஆய்வுக்காக விடப்பட்டன. 2017 முதல் சிலாங்கூரில் வோல்பாக்கியா என்னும் நுண்ணுயிர் ஏற்றிய எஜிப்திக் கொசுக்கள் விடப்பட்டன. அந்நுண்ணுயிர் அல்போபிக்டஸிலிருந்து பெறப்பட்டது. எஜிப்தியின் உடலில் டிங்கிக் கிருமி பெருகுவதை அது தடுக்கிறது. கொசு விட்ட பகுதிகளில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்ததாக 2019இல் வெளிவந்த ஆய்வு கூறியது. இவற்றை மக்களுக்கு எளிய தமிழில் எடுத்துரைத்தவர் எத்தனை பேர்? நாம் விளக்காத இடத்தை வதந்தி நிரப்பிவிட்டது.

என் கருத்து இதுதான். எஜிப்தியை அறிவியல் அடக்கினாலும், தோட்டத்தில் அல்போபிக்டஸ் காத்திருக்கும். ஆனால் இரண்டிற்கும் வேண்டியது ஒன்றே: தேங்கிய நீர். கைவிட்ட பால் மங்கு, பழைய டயர், பூச்சட்டித் தட்டு ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவிழ்த்தால் இரண்டும் பெருகா. புகை அடிப்பது பறக்கும் கொசுவைக் கொல்லுமேயன்றி முட்டையை அழிக்காது.

ஆசிரியர்களே, அறிவியல் பாடத்தில் இவ்விரு கொசுக்களையும் வரைந்து காட்டுங்கள். பெற்றோர்களே, ஐயம் எழுந்தால் தயங்காமல் கேளுங்கள். அத்தாய் கேட்டதால்தான் நானும் தேடிப் படித்தேன்.