யாருடைய தூரம் குறைகிறது?

2014இல் இந்தியாவில் 74 விமான நிலையங்கள் இயங்கின, பத்தே ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை 150ஐத் தாண்டிவிட்டது என்று ஒன்றிய அரசு மேடைதோறும் சொல்கிறது. ஹெலிகாப்டர் தளங்களையும் நீரில் இறங்கும் தளங்களையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு இது என்பதை மட்டும் மேடையில் யாரும் சொல்வதில்லை. நம் பக்கத்திலும் பார்க்கிறோம். 2023 ஏப்ரலில் சென்னையில் 1,260 கோடி ரூபாய்ச் செலவில் புதிய முனையம். 2024 ஜனவரியில் திருச்சியில் 1,100 கோடிக்கு மேல் செலவழித்து இன்னொன்று. 2025 ஜூலையில் தூத்துக்குடி. சென்னை முனையத்தின் வடிவமைப்பில் கோலமும் சேலையும் கோயிலும் இடம்பெற்றிருப்பதாகப் பெருமையோடு அறிவித்தார்கள். பெண்ணின் கைவேலை சுவருக்கு அலங்காரமாக உள்ளே போயிருக்கிறது. விடிகாலையில் அந்தத் தரையைத் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளி அதை அண்ணாந்து பார்க்கலாம்.

விமானம் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெண்ணியவாதி என்றால் மாட்டு வண்டிக்குத் திரும்பச் சொல்கிறவள் என்று நினைப்பவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது. நான் கேட்பது ஒன்றுதான். வளர்ச்சி என்றால் தூரம் குறைவது என்கிறார்கள். யாருடைய தூரம்?

புதுச்சேரியை எடுத்துக்கொள்வோம். லாஸ்பேட்டையில் ஒரு சிறிய விமான நிலையம் இருக்கிறது. ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம். எழுபது எண்பது பேர் ஏறும் ஏடிஆர் விமானம்தான் அதில் இறங்கும். 2013இல் புது முனையம் திறந்தார்கள். சேவை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. 2017 ஆகஸ்டில் உடான் திட்டத்தில் ஐதராபாத்துக்கு விமானம் விட்டார்கள். 2024இல் அதுவும் நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் வேறொரு நிறுவனம் பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் பறக்கத் தொடங்கியது. இதற்கிடையில் ஆட்சிக்கு யார் வந்தாலும் ஒரே பல்லவி: ஓடுபாதையை நீட்ட வேண்டும், பெரிய விமானம் வர வேண்டும், சுற்றுலா பெருகும், வேலை வரும். நீட்டுவதற்குத் தேவையான நிலம் எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. தமிழ்நாடு நிலம் தரவில்லை என்பதுதான் நமது அரசியல்வாதிகளின் நீண்டகால வருத்தம். இரண்டு அரசுகளும் அந்த நிலத்தைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொள்கின்றன. அந்த நிலத்தில் குனிந்து நிமிர்பவர்களுக்கு எந்தக் கடிதமும் வரவில்லை.

உடான் திட்டத்தின் முதல் விமானத்தை 2017 ஏப்ரலில் சிம்லாவில் தொடங்கிவைத்த பிரதமர், ரப்பர் செருப்புப் போட்டவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்றார். ஒரு மணி நேரப் பயணத்துக்குக் கட்டண வரம்பு 2,500 ரூபாய் என்று வைத்தார்கள். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் ரப்பர் செருப்போடு வேலைக்குப் போகிறவள் யாரென்று நமக்குத் தெரியும். 2024-25இல் நூறு நாள் வேலைக்குப் புதுச்சேரியில் ஒரு நாள் கூலி 319 ரூபாய். ஏழாண்டுக்கு முந்தைய அந்தப் பழைய கட்டணத்தை இந்தப் புதிய கூலியால் வகுத்தால்கூட, போக எட்டு நாள் கூலி, திரும்பி வர எட்டு நாள் கூலி. அதுவும் அந்தப் பதினாறு நாளும் வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்தால். அவள் பறக்கவில்லை என்பதல்ல என் புகார். அவள் பெயரைச் சொல்லி விமானக் கம்பெனிக்கு மானியம் போகிறது என்பதே புகார். இந்தத் திட்டத்தில் நட்டத்தை ஈடுகட்ட நிறுவனங்களுக்குப் பணம் தருகிறார்கள். மாநிலங்களும் அதில் பங்கு போடுகின்றன. 2023இல் வந்த சிஏஜி தணிக்கை அறிக்கை சொல்வதைக் கேளுங்கள்: ஒதுக்கிய 774 வழித்தடங்களில் 403இல் விமானமே கிளம்பவில்லை. கிளம்பிய 371இல் மூன்றாண்டுச் சலுகைக் காலத்தை முழுதாக ஓட்டியவை 112. அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருந்தவை 54.

இதே கணக்கில் ஒரு பெண்கள் திட்டம் நடந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? இலவசம் கொடுத்துக் கெடுக்கிறார்கள் என்பார்கள். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை "ஓசி" என்று சொல்லிச் சிரிக்காத டீக்கடை உண்டா? விமான இருக்கைக்குக் கொடுத்தால் அதன் பெயர் ஊக்கத்தொகை. பஸ் இருக்கைக்குக் கொடுத்தால் ஓசி.

எங்கள் பக்கம் பஸ்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாகூர் கொம்யூனைச் சுற்றிக் கடலூர் மாவட்டம். எல்லையைத் தாண்டினால் அரசு நகரப் பேருந்தில் பெண்ணுக்கு டிக்கெட் இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் ஓடுவதில் பெரும்பாலானவை தனியார் வண்டிகள். டிக்கெட் எடுத்தாக வேண்டும். வில்லியனூரிலிருந்து புதுச்சேரி பத்துக் கிலோமீட்டர், பாகூரிலிருந்து இருபது. அரசு மகளிர் மருத்துவமனை எல்லைப்பிள்ளைச்சாவடியில் இருக்கிறது, ஜிப்மர் கோரிமேட்டில் இருக்கிறது. உட்கிராமத்திலிருந்து முதலில் மெயின் ரோடுவரை நடக்க வேண்டும். பிறகு பஸ்ஸோ ஷேர் டெம்போவோ, டவுனில் இறங்கி இன்னொன்று. கையில் பிள்ளை. நகரத்தில் துணிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு வேலை எப்போது முடியும் என்பதைக் கடைக்காரர் தீர்மானிக்கிறார், கடைசி பஸ் எப்போது என்பதைப் பஸ் முதலாளி தீர்மானிக்கிறார். இரண்டுக்கும் இடையில் அரைமணி தவறினால் அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தைத் தெரு தீர்மானிக்கிறது. படிப்பை நிறுத்தியதற்கும் வேலையை விட்டதற்கும் காரணம் கேட்டால் வீட்டில் "தூரம்" என்பார்கள். ஓடுபாதையை எவ்வளவு நீட்டினாலும் அந்தத் தூரம் குறையப்போவதில்லை.

இங்கே ஒரு மறுப்பு வரும். புதுச்சேரிக்காரர்கள் பறக்காதவர்களா என்ன? சொல்தா குடும்பங்கள் இல்லையா, பாரிசில் பிள்ளைகள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்கள் மீனம்பாக்கம் போய் ஏறுகிறார்கள். லாஸ்பேட்டை ஓடுபாதையை இரட்டிப்பாக்கினாலும் மீனம்பாக்கத்துக்குத்தான் போவார்கள். உண்மையிலேயே ரப்பர் செருப்போடு விமானம் ஏறும் பெண்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். கடலூர், நாகை, திருச்சிப் பக்கமிருந்து வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். பத்தாம் வகுப்புத் தேறாத பெண் முப்பது வயதுக்கு முன் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக நம் குடியேற்ற விதிகள் அனுமதிப்பதில்லை. அதே படிப்புள்ள ஆணுக்கு அந்த வயது வரம்பு கிடையாது. பாதுகாப்புக்காக என்கிறார்கள். வாசலில் நிற்கவைத்துப் பாதுகாப்பது நமக்குப் பழகியதுதானே. விதி அடைத்த வழியை ஏஜென்ட் திறந்துவிடுகிறான், சுற்றுலா விசாவில். போன இடத்தில் அடிபட்டால் அவள் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டாள்.

பெண் விமானிகளைக் காட்டுவார்கள். இந்தியாவில் விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள், உலகச் சராசரியைப்போல மூன்று மடங்கு. மகிழ்ச்சிதான், மனதாரச் சொல்கிறேன். ஆனால் ஒரு துறையின் உச்சியில் நிற்கும் சிலருடைய படத்தைக் காட்டி அதன் அடியில் இருப்பவர்களின் ஊதியச் சீட்டை மறைப்பது பழைய தந்திரம். பொருளாதாரம் முழுவதிலுமே இப்படித்தான் நடக்கிறது. உழைப்பில் பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 23 சதவீதமாக இருந்தது, 2023-24இல் 41.7 சதவீதமாகிவிட்டது என்கிறது அரசின் ஆய்வு. கூடியதில் பெரும்பகுதி கிராமத்துச் சுயதொழில். குடும்பத் தொழிலில் கூலியில்லாமல் உதவுகிறவர்களும் அதில் அடக்கம். அதாவது வீட்டு மாட்டைக் கறப்பவள் வளர்ச்சியாகிவிட்டாள், கூலி மட்டும் வரவில்லை. 2024 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 88 நிமிடம். இந்த 289 நிமிடம் உள்நாட்டு உற்பத்தியில் சேராது. முனையத்துக்குக் கொட்டிய சிமெண்ட் சேரும்.

இனி நிலத்துக்கு வருவோம். வில்லியனூர் கொம்யூனுக்கு இது புதுக்கதை அல்ல. சேதராப்பட்டு, கரசூர் பகுதியில் சிறப்புப் பொருளாதார மண்டலம் வரப்போகிறது என்று 2000களின் நடுவில் எழுநூறு ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்தார்கள். மண்டலம் வரவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அந்த நிலம் சும்மா கிடந்தது. அப்போதும் இதே சொற்கள்தான்: முதலீடு, வேலைவாய்ப்பு, வளர்ச்சி. நிலம் போனபோது பணம் பட்டாவில் பெயருள்ளவருக்குப் போகும். பட்டாவில் யார் பெயர் இருக்கும்? தமிழ்நாட்டில் 1989இல் மகளுக்குக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை தந்தார்கள். அதுவும் அதற்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டு. புதுச்சேரிப் பெண்கள் ஒன்றிய அரசு 2005இல் சட்டம் திருத்தும்வரை காத்திருந்தார்கள். சட்டம் வந்த பிறகும் அண்ணன் தம்பி உறவு முறிந்துவிடும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறவர்களே அதிகம். ஆக இழப்பீடு ஆண் கைக்குப் போகிறது. நடவு நட்டு, களை எடுத்து, வரப்பில் புல் அறுத்து மாடு வளர்த்தவளுக்கு, அதிலும் சொந்தமாக ஒரு சென்ட் கூட இல்லாத தலித் பெண்ணுக்கு, நிலம் போனதற்கான ரசீதுகூட இல்லை. பாகூரை நெற்களஞ்சியம் என்று சொல்லிப் பெருமைப்படுகிறோமே, அந்த ஏரிப்பாசனத்தில் நாற்று நட்ட கைகளில் எத்தனை பட்டாவில் இருக்கும்?

பரந்தூரில் இப்போது நடப்பது இதன் பெரிய வடிவம். 2022இல் அறிவித்தார்கள்: சென்னையின் இரண்டாவது விமான நிலையம், ஐயாயிரம் ஏக்கருக்கு மேல், பதின்மூன்று கிராமங்கள். நிலத்தில் கூலிக்கு உழைப்பவரையும் பாதிக்கப்பட்டவராகக் கணக்கெடுக்க வேண்டும், சமூகத் தாக்கத்தை மதிப்பிட்டு ஊரில் விசாரணை நடத்த வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம். தமிழ்நாடு அரசு அதை விட்டுவிட்டு, அந்த மதிப்பீடு கட்டாயமில்லாத 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்தைக் கையில் எடுத்தது. ஏகனாபுரத்தில் பெண்கள் வயலிலிருந்து வந்து இரவில் தெருவில் உட்கார்ந்தார்கள், ஆண்டுக்கணக்காக. கிராம சபை கூடும்போதெல்லாம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டார்கள். 2024 மக்களவைத் தேர்தலை ஊரே புறக்கணித்தது. 2025 ஏப்ரலில் ஒன்றிய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்துவிட்டது. தீர்மானங்களை யாரும் மதிக்கவில்லை. ஆனாலும் அவை ஏட்டில் இருக்கின்றன. "மக்கள் சம்மதித்தார்கள்" என்று யாராலும் எழுத முடியாது.

புதுச்சேரிக் கிராமத்துப் பெண்ணுக்கு அந்த ஏடுகூட இல்லை. இங்கே 1968க்குப் பிறகு, முப்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து, நீதிமன்றம் சொல்லி 2006இல் ஒரே ஒருமுறை உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மூன்றில் ஒரு பங்கு இடத்தில் பெண்கள் வந்தார்கள். 2011இல் காலம் முடிந்தது. அதோடு சரி. 2021இல் தேர்தல் அறிவித்து, இட ஒதுக்கீட்டு வழக்கில் நின்றுபோனது. கொம்யூன் பஞ்சாயத்தை ஆணையர் நடத்துகிறார். 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நாடெங்கும் பெண்களுக்குக் கொடுத்த நாற்காலியை வில்லியனூரிலும் பாகூரிலும் மடித்துவைத்திருக்கிறார்கள். இதற்காகச் சட்டமன்றம் ஸ்தம்பித்ததாகக் கேள்விப்பட்டதுண்டா? ஓடுபாதைக்கு நிலம் இல்லை என்று அவ்வளவு வருந்துகிறவர்களுக்கு, பஞ்சாயத்துக்கு உறுப்பினர் இல்லை என்ற வருத்தம் ஏன் வரவில்லை?

சட்டமன்றத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2021இல் முப்பது இடங்களுக்குத் தேர்வான பெண் ஒருவர், நெடுங்காடு தனித்தொகுதியின் சந்திர பிரியங்கா. நாற்பது ஆண்டுகளில் முதல் பெண் அமைச்சர். அவரிடம் இருந்த துறை போக்குவரத்து. 2023 அக்டோபரில், சாதியும் பாலினமும் காரணமாகப் பாகுபாடு காட்டுகிறார்கள் என்று எழுதிப் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். அவரை நீக்க ஏற்கெனவே பரிந்துரைத்துவிட்டோம் என்றது அரசுத் தரப்பு. பெண் மக்கள்தொகை ஆணைவிட அதிகம் உள்ள பகுதி இது. 2011 கணக்கெடுப்பில் ஆயிரம் ஆண்களுக்கு 1,037 பெண்கள்.

எனவே அடுத்தமுறை ஓடுபாதை விரிவாக்கம் என்று கோப்பு நகரும்போது நாம் கேட்க வேண்டியது, எத்தனை விமானம் வரும் என்றல்ல. முதலில் உள்ளாட்சித் தேர்தலை நடத்துங்கள். வார்டுக்கு வார்டு பெண்கள் வந்து உட்காரட்டும். கரசூரில் எடுத்த நிலத்துக்குக் கணக்குக் காட்டுங்கள்: யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், அதில் பெண் பெயரில் எவ்வளவு, கூலிக்காரிக்கு எவ்வளவு. பாகூரிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் இரவு ஒன்பதரை மணிக்கு அரசு பஸ் ஒன்று, திரும்புவதற்கும் ஒன்று, டிக்கெட் இல்லாமல். அதற்குத் தமிழ்நாட்டிடம் நிலம் கேட்கத் தேவையில்லை.