விருந்தாளி இல்ல, பிரசவத்துக்கு வந்த மகள்

1/ ஜனவரி ஞாயிறு. ஓ.பி. கிடையாது. விடியிறதுக்கு முன்னாடியே அருப்புக்கோட்டையில கிளம்பி, திருச்சுழி, கமுதி, முதுகுளத்தூர் வழியா சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போயிட்டு வந்தேன். அங்க பார்த்ததைவிட, திரும்பி வர்ற வழியில பார்த்ததுதான் மனசை உறுத்துது. அதுக்குத்தான் இந்த த்ரெட்.

2/ "வானம் பார்த்த பூமியில ஏது சார் பறவை?"னு கேப்பாங்க. இந்த ரெண்டு கண்மாயும் 1989-லயே சரணாலயம். சர்வதேச ஈரநில ஒப்பந்தமான ராம்சார் பட்டியல்லயும் சேர்ந்தாச்சு. நம்ம ஊர்ல இருந்து காலையில போயி சாயங்காலம் திரும்பிடலாம்.

3/ வருஷா வருஷம் செய்தி வரும்: "வெளிநாட்டுப் பறவைகள் வருகை". பாதிதான் உண்மை. நீலச்சிறகி மாதிரி வாத்துங்க வட நாடுகள்ல இருந்து வருது, சரி. ஆனா அது இங்க கூடு கட்டாது. தின்னு, இளைப்பாறி, வெயில் ஏறினதும் கிளம்பிடும்.

4/ கூடு கட்டி முட்டை வைக்கிற மஞ்சள் மூக்கு நாரை, அரிவாள் மூக்கன், நத்தைகுத்தி நாரை எல்லாம் நம்ம நாட்டுப் பறவைங்க. மழை எங்கயோ அங்க போகும். வடகிழக்கு மழையில கண்மாய் பெருகினா இங்க வரும்.

5/ அதனால இவங்க விருந்தாளி இல்ல. பிரசவத்துக்குத் தாய் வீடு வந்த மகளுங்க. விருந்தாளிக்கு ஒரு வேளைச் சோறு போதும். மகளுக்கு, பிள்ளை தேறுற வரைக்கும் பார்க்கணும்.

6/ கணக்கு இதுதான். மஞ்சள் மூக்கு நாரை முட்டை பொரிய சுமார் ஒரு மாசம். குஞ்சு பறக்க இன்னும் ரெண்டு மாசம். டிசம்பர்ல முட்டை வச்சா மார்ச் வரைக்கும் தண்ணி நிக்கணும். தண்ணியிலதான் மீன், தவளை. மரத்தைச் சுத்தி நிக்கிற தண்ணிதான் நாய், நரிகிட்ட இருந்து காவலும்.

7/ திரும்புற வழியில ஒரு கண்மாய். பேரு வேணாம். தண்ணி நடுப்பள்ளத்துல மட்டும். ஓரத்துக் கருவேல மரத்துல கூடு, கூட்டுல குஞ்சு. மரத்தடியில ரெண்டு நாய், மேல பார்த்தபடி படுத்திருக்கு. காத்துக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான்.

8/ ஆடு மேய்ச்சுக்கிட்டு இருந்த பெரியவர்கிட்ட, "இந்த வருஷம் மழை கம்மியாய்யா?"ன்னேன். "மழைக்கு என்ன குறை சார்? வரத்துக்கால்தான் இல்ல. பாதி தூந்து போச்சு, மீதியில பிளாட் போட்டாச்சு."

9/ மாரடைப்புல வர்றவருக்கு இதயம் மட்டும் நல்லா இருந்து என்ன பண்ண? ரத்தக்குழாய் அடைச்சிருந்தா இதயமும் சாகும். கண்மாயும் அப்படித்தான். சரணாலய போர்டு கண்மாய்க்குத்தான் காவல். வரத்துக்காலுக்கு யார் காவல்? ஒரு கண்மாய் மறுகால் பாய்ஞ்சாதான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணி. ஒண்ணுல அடைச்சா கீழ இருக்கிற எல்லா ஊரும் காயும். காயறது நாரை மட்டும் இல்ல, சம்சாரியும்தான்.

10/ "கண்மாய்ல இருக்கிற சீமைக் கருவேலத்தை மொத்தமா புடுங்குங்க"ன்னு சொல்றவங்களுக்கு: புடுங்கலாம், ஆனா வரத்துக்கால்ல இருந்து ஆரம்பிங்க. கண்மாய்க்குள்ள ஜே.சி.பி. இறங்குறதுன்னா கோடையில, கூடு காலியானப்புறம். நாட்டுக் கருவேலத்தைத் தொடாதீங்க. அது நாரைக்குத் தொட்டில்.

11/ சவுடு அள்ளுறேன்னு ஒரே இடத்துல கிணறு மாதிரி தோண்டுறதும் தப்பு. நாரை நடந்து மீன் புடிக்கிற பறவை. ஆள் ஆழத்துல அது என்ன பண்ணும்?

12/ முடியாத காரியமான்னு கேக்காதீங்க. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்துப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டி ஜனங்க தீபாவளிக்கு வெடியே போடுறதில்ல. பட்டாசு செய்யிற மாவட்டத்துக்காரனா இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு. வேடந்தாங்கல் ஜனங்க 1798-லயே, பறவையைச் சுடக்கூடாதுன்னு செங்கல்பட்டு கலெக்டர்கிட்ட எழுதி வாங்கினவங்க. எச்சம் கலந்த தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும்.

13/ பிப்ரவரி 2 உலக ஈரநில நாள். அன்னைக்கு மரக்கன்னு பிடிச்சு போட்டோ எடுக்கிறதோட நிறுத்தாதீங்க. உங்க ஊர்க் கண்மாய் வரத்துக்காலைத் தலையில இருந்து கடைசி வரைக்கும் நடந்து பாருங்க. பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க. அடைச்சிருக்கிற இடத்தை போட்டோ எடுத்து, கிராம சபையில எழுதிக் கொடுங்க.

14/ மகள் அடுத்த மழைக்கும் வருவா. தாய் வீடு இருக்கணும்ல?