கரை தாண்டாத ஜப்பானிய இசை

1963-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கியூ சகாமோட்டோ என்ற இளைஞர் ஜப்பானிய மொழியில் பாடிய பாடலொன்று அமெரிக்காவின் 'பில்போர்டு' தரவரிசையில் முதலிடம் பிடித்தது. பாடலின் பெயர் வாயில் நுழையாது என்று கருதிய மேலைநாட்டு வணிகர்கள், அதற்குச் 'சுகியாக்கி' என்ற இறைச்சி உணவின் பெயரைச் சூட்டி விற்றனர். கண்ணீர் சிந்தாமல் இருக்க வானத்தைப் பார்த்து நடப்பவனின் பாடலுக்கும் அந்த உணவுக்கும் எள்ளளவும் தொடர்பில்லை. ஆயினும் மக்கள் வாங்கினர். அதன்பின் ஜப்பானிய மொழிப் பாடல் எதுவும் அந்த இடத்தை எட்டவில்லை.

மொழிதான் தடை என்று கூறுவோர் உண்டு. மொழி தடையெனில் சகாமோட்டோ எப்படி வென்றார்? பெரும்பகுதி கொரிய மொழியில் அமைந்த பிடிஎஸ் குழுவின் பாடல் 2020-இல் அதே தரவரிசையில் எவ்வாறு முதலிடம் பெற்றது? விடையை மொழியில் தேடுவதைவிடக் கணக்குப் புத்தகத்தில் தேடுவது நலம்.

அமெரிக்காவுக்கு அடுத்தபடியாக உலகின் மிகப் பெரிய இசைச் சந்தை ஜப்பான். 1999-இல் வெளிவந்த உத்தாதா ஹிக்காருவின் முதல் ஜப்பானிய இசைத்தொகுப்பு அந்நாட்டில் மட்டும் எழுபது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. வீட்டு வாசலிலேயே இவ்வளவு விளைச்சல் இருக்கும்போது கடல் கடந்து கடை விரிப்பானேன்? தென் கொரியாவின் நிலை வேறு. மக்கள்தொகை ஜப்பானில் பாதிகூட இல்லை. குறுந்தகடு விற்பனையையும் இணையத் திருட்டு விரைவாகவே அரித்தது. கொரிய நிறுவனங்கள் வெளிச்சந்தையைத் தேடியது பேராசையால் அல்ல, பிழைப்புக்காக. அவை முதலில் குறிவைத்த சந்தைகளுள் ஒன்று ஜப்பான் என்பது சுவையான செய்தி. போவா என்ற பதின்ம வயதுக் கொரியப் பாடகி ஜப்பானிய மொழி பயின்று, 2001-இல் அங்கு அறிமுகமாகி, மறு ஆண்டே விற்பனைப் பட்டியலின் உச்சிக்குச் சென்றார்.

ஜப்பானிய நிறுவனங்களைக் கட்டிப்போட்டது குறுந்தகடு. நூல்கள், நாளிதழ்களைப் போலவே இசைத்தட்டுகளுக்கும் அந்நாட்டில் ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. வெளியிடும் நிறுவனம் நிர்ணயிப்பதே சில்லறை விலை. புதிய வெளியீட்டைக் கடைக்காரர் தள்ளுபடியில் விற்க முடியாது. ஒரு தொகுப்பு சுமார் 3,000 யென். போதாக்குறைக்கு, ஏகேபி48 குழு தன் குறுந்தகடுகளுக்குள் வாக்குச்சீட்டை வைத்தது. தனக்குப் பிடித்த பெண்ணை முன்வரிசையில் நிறுத்துவதற்காக ஒரே ரசிகர் ஒரே தகட்டைப் பத்து, இருபது என வாங்கினார். (கேட்பதற்காக எத்தனை பிரித்தார் என்பது வேறு கதை.)

இத்தகைய தொழிலுக்கு யூடியூபின் இலவசக் காணொளி விளம்பரமாகத் தோன்றாது, பகையாகவே தோன்றும். பல நிறுவனங்கள் பாடலின் சிறு துண்டை மட்டும் இணையத்தில் வெளியிட்டன, அல்லது வெளிநாட்டவர் பார்க்கவியலாமல் பூட்டின. 2012-இல் 'கங்னம் ஸ்டைல்' யூடியூபில் நூறு கோடி பார்வைகளைத் தொட்ட முதல் காணொளியானது. ஜப்பானின் முன்னணிக் குழுவான அராஷியோ, 2019-இல்தான் யூடியூபில் கணக்குத் தொடங்கியது. 1999 முதல் பாடிவந்த குழு அது!

இதை மடமை என்று தள்ளிவிட நான் விரும்பவில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் அன்றைய லாபத்தை அறிவார்ந்தே காத்தது. இழந்தது நாளைய ரசிகரை. இழந்த வாய்ப்புக்கு எந்த ஐந்தொகையிலும் பத்தி கிடையாது. கொரிய வெற்றி முழுவதும் அரசு ஊக்கத்தின் பயன் என்ற வாதத்தையும் நான் அவ்வளவாக ஏற்பதில்லை. ஜப்பானிய அரசும் 2013-இல் 'கூல் ஜப்பான்' நிதியத்தை அமைத்தது. அது சம்பாதித்தது பெரும்பாலும் இழப்பையே.

இப்போது கதவு திறந்து வருகிறது. ஜப்பானில் குறுந்தகடு விற்பனை 1998-இல் உச்சம் தொட்டு இறங்கியது. அவற்றை வாங்கும் இளைஞர் தொகையும் சுருங்குகிறது. மறுபுறம், உலகெங்கும் அனிமே தொடர்களைப் பார்ப்பவர்கள் அவற்றின் பாடல்களையும் தேடுகிறார்கள். யோஅசோபி இரட்டையரின் 'ஐடல்' பாடல், அமெரிக்கா நீங்கலான பில்போர்டு உலகப் பட்டியலில் 2023-இல் முதலிடம் பெற்றது. அதுவும் ஓர் அனிமே தொடரின் தொடக்கப் பாடலே.

தாமதத்தின் விலையை அறிய இன்னொரு பாடலைப் பார்க்க வேண்டும். மிக்கி மத்சுபாரா 1979-இல் பாடிய அறிமுகப் பாடல், 2020-இன் இறுதியில் இணையம் வழியே திடீரெனப் பல நாட்டு இளைஞர்களின் செவிகளை எட்டியது. நாற்பது ஆண்டுகளாக அதே குரல், அதே மெட்டு. கேட்கும் வழி மட்டுமே புதிது. பாடியவர் 2004-இல், தம் 44-ஆம் வயதில், மறைந்துவிட்டிருந்தார்.