வானொலி நம் வாய்ப்பேச்சில் பேசட்டும்!

எங்கள் லயத்தில் ஓர் அக்கா இருந்தார். விடியற்காலையில் அடுப்பு மூட்டும்போதே ரேடியோவையும் திருகிவிடுவார். இரவு படுக்கும்வரை அது பாடிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் மாலை, டாக்டர் ஒருவர் நீரிழிவு நோயைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். நல்ல பேச்சு. அக்கா முழுவதையும் கேட்டார். முடிந்ததும், "பாவம், இந்த நீரிழிவு வந்தவங்க ரொம்பக் கஷ்டப்படுவாங்க போல இருக்கு" என்றார்.

அவருக்கே எட்டு வருஷமாக இனிப்பு நீர்!

கிளினிக்கில் 'கென்சிங் மானிஸ்' என்றார்கள். லயத்தில் 'இனிப்பு நீர்' என்றார்கள். வானொலியில் 'நீரிழிவு' என்றார்கள். மூன்றும் ஒன்றுதான் என்று அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் பூட்ஸுக்குள் ஒரு சிறு ஆணி. கால் மரத்துப் போயிருந்ததால் குத்தியது தெரியவில்லை. புண் சீழ் பிடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். வலது காலில் இரண்டு விரல்கள் போயின.

தோழர்களே, இது யார் குற்றம்? டாக்டர் அக்கறையோடுதான் பேசினார். அக்காவும் அக்கறையோடுதான் கேட்டார். நடுவிலே மொழி நின்று வழியை மறித்துவிட்டது.

இது ஒரு வீட்டுக் கதையல்ல. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. மூன்று பேரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம்! இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகத்தைக் கெடுத்ததும் இதே நோய்தான். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபோன நம்மவர்களோடு இதுவும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறது.

வானொலி நமக்குப் புதிய விருந்தாளி அல்ல. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தின்போதே, புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் அரசாங்கம் பொது வானொலிப் பெட்டிகளை வைத்தது. தன் சேதி மக்கள் காதில் விழ வேண்டும் என்று அரசாங்கம் நினைத்தபோது, அதற்கு வழி கிடைத்தது! அதே அக்கறையை நம் உடல்நலத்திலும் காட்டலாமே?

தான்சானியா நாட்டில் ஒரு காரியம் செய்தார்கள். 1993இல் அந்நாட்டு வானொலி, மக்கள் பேசும் சுவாஹிலி மொழியில் ஒரு தொடர் நாடகத்தைத் தொடங்கியது. குடும்பக் கட்டுப்பாடும் எய்ட்ஸ் தடுப்பும் அதன் பொருள். ஆனால் பிரசங்கம் இல்லை. ஊர் ஊராகப் பெண் தேடும் ஒரு லாரி ஓட்டுநர், அவன் மனைவி, அக்கம்பக்கம் என்று கதை போனது. டோடோமா பகுதியில் மட்டும் முதல் இரண்டு ஆண்டுகள் அதை ஒலிபரப்பாமல் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நாடகம் கேட்ட பகுதிகளில் குடும்பக் கட்டுப்பாட்டு முறைகளைக் கைக்கொண்டவர்கள் கூடியிருந்தார்கள்.

நமக்கு நாடகம் தெரியாதா? தோட்டத்துத் திருவிழாவில் மேடை போட்டு ஆடியவர்கள் நாம். மாமியாருக்கு இனிப்பு நீர், மருமகளுக்குத் தலைப்பிள்ளை, மகனுக்குச் சம்சு. இந்த ஒரு வீடு போதும், ஒரு வருஷத்துக்குக் கதை ஓடும்! தே தண்ணியில் எத்தனை கரண்டி டின்பால் ஊற்றுவது, இராத்திரி படுக்கும் முன் காலை ஏன் தடவிப் பார்க்க வேண்டும், கர்ப்பிணிப் பெண் ஏன் கிளினிக் தவணையைத் தவறவிடக் கூடாது என்பதெல்லாம் அந்த வீட்டுச் சண்டையிலேயே வந்துவிடும்.

"இப்போதுதான் எல்லார் கையிலும் போன் இருக்கே, ரேடியோ எதற்கு?" என்பார்கள். போனில் வருகிற வைத்தியத்தைத்தான் பார்க்கிறோமே! ஏதோ ஓர் இலைச்சாற்றைக் குடித்தால் மாத்திரையே வேண்டாம் என்று எவனோ சொல்கிறான். அதை நாமும் நாலு பேருக்கு அனுப்புகிறோம். மேலும், சமைக்கிற கையும் மரம் வெட்டுகிற கையும் போனைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. காதுதான் சும்மா இருக்கிறது.

வானொலிக்காரர்களுக்கு நம் வேண்டுகோள் மூன்று. முதலாவது, நேரம். காலை பத்து மணிக்குச் சுகாதாரம் பேசினால் நாம் காட்டில் இருப்போம். விடியலில் ஐந்து நிமிடம், சாயங்காலம் ஐந்து நிமிடம் கொடுங்கள். இரண்டாவது, மொழி. நீரிழிவு என்று தாராளமாகச் சொல்லுங்கள். கூடவே 'அதாங்க, இனிப்பு நீர்' என்றும் சொல்லுங்கள். நல்ல தமிழும் வளரும், உயிரும் பிழைக்கும். மூன்றாவது, விளம்பரம். காலையில் டாக்டரைப் பேசவிட்டு, மாலையில் இனிப்பு நீரை அடியோடு ஒழிக்கும் அதிசய மருந்தை விற்காதீர்கள்!

நமக்கும் கடமை உண்டு. வானொலி சொன்னதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் சர்க்கரை இறங்காது. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளிதான். ஆனால் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே என்ற கவலை இருக்கிறது. அது நியாயமான கவலை. நிர்வாகத்திடம் இதைப் பேச வேண்டியது சங்கத்தின் வேலை. ஒரு நாள் கூலியை எண்ணிப் பார்க்கிற நாம், ஒரு காலின் விலையையும் எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அந்த அக்கா இப்போதும் ரேடியோ கேட்கிறார். யாராவது 'நீரிழிவு' என்று ஆரம்பித்தால் உடனே சத்தத்தைக் கூட்டிவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிறார்: "ஏ புள்ள, ஓடியா! நம்ம இனிப்பு நீரப் பத்திதான் பேசுறாங்க!"

எட்டு வருஷத்துக்கு முன்பே யாராவது இப்படி அவரைக் கூப்பிட்டிருந்தால் அந்த இரண்டு விரல்கள் மிஞ்சியிருக்கும். சம்பந்தப்பட்டவர்கள் சிந்திப்பார்களாக!